கொடியை நட்டவர் யார்?

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதையொட்டி வெளிவந்த செய்திகளில் ஒரு குறிப்பு திரும்பத் திரும்ப இடம்பெற்றது. இத்திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பதே அக்குறிப்பு. கத்தோலிக்க நெஞ்சங்களுக்கு அது இனிக்கும் செய்தி. திருப்பலிக்கு இரசம் வேண்டிக் கடல் கடந்து ஒரு கொடியைச் சுமந்து வந்த மறைப்பணியாளரின் உருவம் உடனே நம் மனக்கண்முன் எழுகிறது. அவ்வுருவத்தை நாம் மேலும் ஆராய்வதில்லை. ஆராய விரும்புவதும் இல்லை.

இனிக்கின்ற வரலாற்றைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். குருவானவரின் புகழைக் குறைப்பதற்காக அன்று. ஒரு திராட்சைத் தோட்டத்தின் வரலாற்றை நாம் எவ்வாறு சொல்லப் பழகியிருக்கிறோம், அப்படிச் சொல்வதில் யார் இடம்பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர் என்று கேட்பது நம் விசுவாசத்தோடு தொடர்புடைய கேள்வியாகும். ஏனெனில் நாம் அந்தக் கனியின் சாற்றைப் பலிபீடத்தின்மேல் வைப்பவர்கள்.

பெயர்ச்சீட்டு எழுதும் வரலாறு

திராட்சைத் தோட்ட வரலாறு சொல்லும் கலையில் கைதேர்ந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்நாட்டின் பழம்பெரும் தோட்டங்கள் பல திருச்சபையின் நிழலில் வளர்ந்தவை. புர்கோஞ் நாட்டில் சித்தோ மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் வளர்க்கத் தொடங்கிய வூஜோ தோட்டத்தைச் சுற்றி 14-ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பிய மதில், ஏறக்குறைய 50 எக்டேர் நிலத்தை இன்றும் சூழ்ந்து நிற்கிறது. போர்டோ நகரத்தின் பேராயராக இருந்து 1305-இல் திருத்தந்தையான ஐந்தாம் கிளமெந்து தம் தோட்டத்தை அந்நகரப் பேராயர்களுக்கு விட்டுச் சென்றார். அத்தோட்டம் இன்றும் அவருடைய பெயரையே தாங்கியிருக்கிறது.

இவற்றுள் நமக்கு மிக நெருக்கமானது போர்டோவின் ஓரத்தில் உள்ள ‘லா மிசியோன் ஓ-பிரியோன்’ என்னும் தோட்டம். ‘மிசியோன்’ என்றால் மறைப்பணி. இந்தப் பெயர் எப்படி வந்தது? 16-ஆம் நூற்றாண்டில் இத்தோட்டம் லெஸ்தொனாக் என்னும் செல்வக் குடும்பத்தின் கையில் இருந்தது. கன்னி மரியாவின் பெயரால் பெண்கல்விக்கென ஒரு துறவற சபையை 1607-இல் நிறுவி, 1949-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட ஜான் தெ லெஸ்தொனாக் அம்மையார் அவ்வழி வந்தவரே. அக்குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் அறக்கொடை வழியாக 1682-இல் தோட்டம் ‘மறைப்பணிக் குருக்கள்’ சபையின் கைக்கு வந்தது. 1625-இல் புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய சபை அது. அவர் இறந்து 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்குருக்கள் அங்கே அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினர். 1698-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அவர்கள் அக்கொடிகளைக் கவனமாக வளர்த்தனர். அவர்கள் கைப்பட்ட இரசத்தின் புகழ் ஓங்கியது.

பின்னர் 1789-இல் புரட்சி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் திருச்சபையின் உடைமைகள் அனைத்தும் நாட்டின் உடைமைகளாக அறிவிக்கப்பட்டன. 1792-இல் தோட்டம் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. அதன்பின் கைமாறிக் கைமாறி, 1983-இல் பக்கத்துத் தோட்டமான ஓ-பிரியோனின் உரிமையாளர்களான தில்லன் குடும்பத்தாரை வந்தடைந்தது. குருக்கள் போனபின்னும் பெயர் மட்டும் போகவில்லை. ஏழைகளின் தந்தை என்று நாம் போற்றும் புனிதரின் சபை தந்த பெயரைத் தாங்கிய புட்டி, இன்று உலகின் மிக விலையுயர்ந்த இரசங்களுள் ஒன்றாக விற்பனையாகிறது. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஞாயிறுதோறும் உண்டியல் ஏந்திச் சேர்க்கும் காசையும் அந்தப் புட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பெயர் எவ்வளவு தொலைவு பயணம் செய்யக்கூடும் என்பது விளங்கும்.

இவ்வரலாற்றில் பொய் ஏதும் இல்லை. ஆண்டுகள் உண்மை, கொடை உண்மை, சிற்றாலயமும் உண்மை. குறை வேறிடத்தில் இருக்கிறது. உரிமையாளர்களின் வரிசையையே தோட்டத்தின் வரலாறு என்று அது சொல்லிவிடுகிறது. குடும்பம், குருக்கள், வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கியவர் என்று பத்திரப் பதிவேட்டைப்போல அது நீள்கிறது. பனிக்காலத்தில் குனிந்து கொடி கவாத்துச் செய்தவன், கூடையை முதுகில் சுமந்தவன், தொட்டியில் பழம் மிதித்தவன் ஆகியோர் அதில் ஒரு வரியும் பெறவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் போர்டோவைச் செல்வத்தில் திளைக்கவைத்த கடல் வாணிபத்தைப் பற்றியும் புட்டியின் பெயர்ச்சீட்டு பேசாது. அத்துறைமுகத்துக் கப்பல்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக அமெரிக்கத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்றன. போர்டோவின் இரசப் பீப்பாய்களும் அதே தீவுகளுக்குப் போயின.

‘பல நூற்றாண்டுகளாக அறுபடாத மரபு’ என்பது இத்தகைய வரலாறுகளின் இன்னொரு பல்லவி. அதுவும் முழு உண்மை அன்று. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்த பிலாக்செரா என்னும் சிறு பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழித்தது. அதைத் தாங்கும் வலிமை பெற்றிருந்த அமெரிக்கக் காட்டுக்கொடிகளின் வேர்மீது தம் கொடிகளை ஒட்டுக்கட்டித்தான் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைக் காப்பாற்றினர். இன்று பழம்பெருமை பேசும் தோட்டங்களில் மிகப் பலவும் அந்நிய வேரில் நிற்பவையே. மேலே கிளை பேசுகிறது. கீழே வேர் மௌனமாக இருக்கிறது. மனித வரலாற்றிலும் அப்படித்தானே?

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

பிரான்சின் தோட்டங்களுக்கும் நம் கம்பத்துப் பந்தல்களுக்கும் இடையே ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உறவு உண்டு. அது குருவானவர் வழி வந்தது அன்று. நோயின் வழி வந்தது.

1878-இல் பிரான்சில் அடிச்சாம்பல் நோய் தோன்றியது. இலையின் அடியில் வெண்மையாகப் படர்ந்து, இலைகளை உதிர்த்து, காய்களைச் சுருங்கவைக்கும் நோய் அது. போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்தே என்பவர் 1882-இல் சேன்-சூலியன் ஊரிலுள்ள துக்ரு-பொக்காயு என்னும் பழந்தோட்டத்தின் வழியே செல்லும்போது ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருந்த கொடிகள் இலையுதிர்ந்து நின்றன. சாலையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக இருந்தன. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கும் பொருட்டு, அவ்வோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நஞ்சுபோல் தோன்றும்படி தெளித்துவைப்பது அவ்வூர் வழக்கம். திருட்டைத் தடுக்கச் செய்தது நோயைத் தடுத்திருந்தது. தோட்டத்தின் மேலாளர் எர்னஸ்து தாவிது என்பவரோடு சேர்ந்து மில்லார்தே சோதனைகள் செய்து, 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அதுவே ‘போர்டோ கலவை’.

இன்று அப்பெயரைத் தமிழ் உழவரில் பலர் அறிவர். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்னும் கணக்கு பலருக்கு மனப்பாடம். பிரான்சில் அப்படி ஓர் ஊர் இருப்பதை அறியாதவரும் போர்டோ கலவையை அறிவார். ஒரு பிரெஞ்சுத் தோட்டம் நம் மண்ணுக்குத் தந்த உண்மையான கொடை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இக்கதையிலும் நம் கேள்வி தொடர்கிறது. அறிவியல் நூல்கள் மில்லார்தேயின் பெயரைச் சொல்லும். சில நூல்கள் தாவிதின் பெயரையும் சொல்லும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் முதன்முதலில் கலந்து கொடியில் தெளித்த கை யாருடையது? கண்டறிந்தவர் பேராசிரியர், கலந்தவர்கள் தோட்டத்துக் கூலிகள். கண்டறிதலின் பெருமையைப் பேராசிரியரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஆயினும் கலந்த கை இல்லாதிருந்தால் கண்ட கண்ணுக்கு என்ன வேலை?

கம்பத்துக் கதையின் பொருத்தம்

இனி 1832-க்கு வருவோம். பன்னீர் திராட்சை என்பது தாவர நூலார் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று அழைக்கும் வகை. கருநீல நிறம், விதை, தடித்த தோல், பன்னீரை ஒத்த மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். இது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் இரண்டு பழைய வகைகளை இணைத்து உண்டாக்கப்பட்டது என்பது திராட்சை வல்லுநர்கள் ஏற்ற செய்தி. பெற்றோர் வகைகள் இன்னவை என்பதை மரபணு ஆய்வும் உறுதிசெய்துள்ளது. அவ்வாறாயின் 1832-இல் இவ்வகை தமிழ் மண்ணுக்கு வந்திருப்பது எப்படி? குருவானவர் வேறொரு கொடியைக் கொண்டுவந்திருக்கலாம். இவ்வகை பின்னாளில் வேறொருவர் கையால் வந்திருக்கலாம். ஆண்டு பிழையாக இருக்கலாம். கொடி, ஆண்டு, ஆள் என்னும் மூன்றும் ஒன்றாகப் பொருந்தி நிற்கவில்லை என்பதே நாம் காண்பது.

மறைப்பணி வரலாறும் இங்கே ஒரு விளக்கத்தைக் கேட்கிறது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபையாரிடம் தமிழகப் பணியின் பெரும்பகுதி வந்தது. பிரெஞ்சு இயேசு சபையார் மதுரைக்குத் திரும்பியது 1838-இல்தான். ஆதலால் 1832-இல் அப்பகுதிக்கு ஒரு பிரெஞ்சுக் குரு வந்திருந்தால், அவர் பாரிஸ் சபையாராக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பொருத்தம். இதைத் தெளிவுபடுத்தாமல் ‘பிரெஞ்சுக் குருவானவர்’ என்ற பொதுச்சொல்லோடு கதை நின்றுவிடுகிறது. முகமற்ற ஒரு வெள்ளை அங்கி போதும் என்று நாம் நினைத்துவிட்டோமோ?

திருப்பலி இரசத்துக்காகவே கொடி வந்தது என்று நாம் கற்பனை செய்துகொள்வதற்கும் எல்லை உண்டு. பாரதத்தின் பலிபீடங்கள் பிரெஞ்சுக் கொடிக்காகக் காத்திருக்கவில்லை. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த இரசத்தைக் கொண்டு வழிபட்டனர் என்று போர்த்துக்கீசியர் குறித்துவைத்துள்ளனர். நிறத்திலும் சுவையிலும் உண்மையான இரசமாக இருப்பின் உலர் திராட்சையின் சாறும் ஏற்புடையதே என்று உரோமையும் 1706-இல் விடையளித்தது. ‘கொடிமுந்திரி’ என்னும் பழைய சொல்லும் நம் மொழியில் உண்டு. ஆகவே இக்கனியை நமக்கு முதன்முதலில் அறிமுகம் செய்தவர் ஐரோப்பியர் என்னும் எண்ணத்தையும் நாம் கைவிட வேண்டும்.

பள்ளத்தாக்கின் உண்மையான வரலாறு இதைவிட வளமானது. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் மேகமலை. நடுவே முல்லைப் பெரியாற்றின் நீர். 1895-இல் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிமுடித்த அணை, மேற்கே பாய்ந்த ஆற்றைக் கிழக்கே திருப்பியது. அவர் படத்தை வைத்து அவ்வட்டார மக்கள் பொங்கலிடுகின்றனர். நன்றி மறவாத அந்த மனம் போற்றத்தக்கது. ஆயினும் அக்காட்டில் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலியான நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கு யார் பொங்கல் வைப்பது? இங்கும் ஒரு பெயர் வெளிச்சத்தில் நிற்க, மற்றவர்கள் இருளில் நிற்கின்றனர்.

கம்பம், உத்தமபாளையம் வட்டார ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தலிட்டு வளர்க்கப்படும் இக்கொடிக்கு உறக்கமே கிடையாது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். இங்கே பனியின் வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து வெவ்வேறு காலத்தில் நடப்பதால், பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு பந்தலின் கீழ்ப் பழம் தொங்கிக்கொண்டிருக்கும். புவிசார் குறியீட்டுக்கு உரிய தனிச்சிறப்புகளுள் இதுவும் ஒன்று. இந்தச் சிறப்பை உண்டாக்கியது யார்? கொடியோடு இவ்வறிவு கப்பலில் வந்திருக்க இயலாது. பிரான்சின் குருவுக்கு ஆண்டுக்கு ஓர் அறுவடைதான் தெரியும். எந்தக் கணுவில் வெட்டினால் எந்தக் கணு துளிர்க்கும் என்பதை வெயில் நாட்டின் உழவனும் கூலியாளும் தலைமுறை தலைமுறையாகக் கையால் கற்றனர். தலைக்குமேல் கைகளை உயர்த்தியபடி நாள் முழுவதும் கொடிகட்டி, இலைகிள்ளி, குலை பறிக்கும் ஆண்களும் பெண்களுமே இத்திராட்சையைக் ‘கம்பம்’ திராட்சையாக்கியவர்கள். குறியீடு உண்மையில் அவர்களுக்கே உரியது.

விவிலியம் சொல்லும் தோட்ட வரலாறு

மனிதர் எழுதும் தோட்ட வரலாறுகளுக்கு எதிராக விவிலியம் ஒரு மாற்று வரலாற்றை எழுதிச் செல்கிறது. முதற்பக்கங்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. விவிலியத்தில் முதல் திராட்சைத் தோட்டத்தை அமைத்தவர் நோவா. எந்தப் பிரெஞ்சுத் தோட்டமாக இருந்தாலும் தன் நிறுவனரைப் பட்டாடை உடுத்தித்தான் காட்டும். தொடக்கநூலோ முதல் தோட்டக்காரரைக் குடிவெறியில் ஆடை களைந்து கிடப்பவராகக் காட்டுகிறது. நிறுவனரை நாம் வழிபடாதிருக்கக் கற்பிக்கும் முதல் பாடம் அது.

அரசர்களின் முதல் நூலில் நாபோத்து வருகிறான். அவனுடைய தோட்டம் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அதுவே அவன் செய்த குற்றம். மூதாதையர் நிலத்தை விற்க மறுத்த எளியவன் பொய்ச்சாட்சியால் கல்லெறிந்து கொல்லப்பட்டான். ஆகாபு எழுதிய வரலாறாக இருந்தால், அதில் தோட்டம் ‘அரசுடைமையானது’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். எலியாவின் குரல் இருந்ததால்தான் நாபோத்தின் பெயர் நமக்குக் கிடைத்தது. வரலாற்றில் இறைவாக்கினரின் பணி இதுவே: பத்திரத்திலிருந்து அழிக்கப்பட்ட பெயரை மீண்டும் எழுதுவது.

எசாயா நூலின் ஐந்தாம் அதிகாரம் இன்னும் வியப்பானது. ஆண்டவரின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய பாடலை நாம் அறிவோம், தவக்காலத்தில் தியானித்திருப்போம். அப்பாடலுக்கு அடுத்தே வருவன யாவை? வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக் குவிப்போருக்கு ஒரு சாபம். அதன்பின் காலையிலேயே மதுவைத் தேடி எழுந்து இரவுவரை குடித்திருப்போருக்கு ஒரு சாபம். தோட்டம், நிலவெறி, குடிவெறி ஆகிய மூன்றையும் இறைவாக்கினர் ஒரே அதிகாரத்தில் கட்டிவைத்திருக்கிறார். நாமோ பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, சாபங்களை விட்டுவிட்டோம்.

இனிமைமிகு பாடலில் ஒரு பெண் பேசுகிறாள். வெயிலில் கறுத்தவள்; உடன்பிறந்தார் தோட்டங்களுக்குக் காவல்வைத்ததால் தன் சொந்தத் தோட்டத்தைக் காக்க இயலாமற்போனவள். பிறர் பந்தலின் கீழ் உழைத்துத் தன் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவந்த பெண்ணின் முறையீடாக அவ்வரிகளை வாசிக்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

பலிபீடமும் தெருமுனையும்

இவையெல்லாம் வியாசர்பாடியிலும் எம்.கே.பி. நகரிலும் வாழ்பவர்க்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே பந்தல் இல்லை. தொழிற்சாலைப் புகையும் சரக்கு வண்டிகளும்தான் உண்டு. ஆனால் வட சென்னைக்கும் திராட்சைக்கும் உறவு இல்லாமல் இல்லை. துறைமுகம் உருவாகுமுன், கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரைசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். ஆங்கிலேயர் விரும்பிய மதீரா இரசத்தின் பீப்பாய்களும் அச்சரக்குகளுள் அடங்கும். தாம் அருந்தாத இரசத்தை உயிரைப் பணயம்வைத்துச் சுமந்த அம்மக்களுள் கத்தோலிக்கர் பலர். அவர்களே தம் சம்பாத்தியத்திலிருந்து இராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பினர். அவ்வாலயத்தின் கதையில் நிறுவனர் ஒருவரின் பெயருக்கு முன்பாகப் படகோட்டிச் சமூகமே நிற்கிறது. உழைத்தவர் பெயரால் வரலாறு சொல்ல இயலும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

இன்றைக்கும் விடியற்காலையில் வட சென்னையின் சந்திப்புகளில் கூலிக்கு ஆள் தேடி வருவோரை எதிர்நோக்கி நிற்கும் கூட்டத்தைக் காணலாம். மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு விரிவுரை வேண்டியதில்லை. ஐந்து மணிவரை யாரும் அழைக்காமல் நிற்பதன் வலி அவர்களுக்குத் தெரியும். அவ்வுவமையில் தோட்ட உரிமையாளரின் பெயர் இல்லை. தோட்டம் எத்தனை ஆண்டுப் பழமையானது என்பதும் இல்லை. இரசத்தின் தரம் பற்றியும் பேச்சில்லை. கூலியும் மாலைநேரமும் மட்டுமே அதில் பேசப்படுகின்றன. ஒரு தோட்டத்தைப் பற்றி நம் ஆண்டவர் கேட்கும் கேள்வி, உழைத்தவனுக்கு மாலையில் என்ன கிடைத்தது என்பதே.

அந்த மாலைக்கூலிக்கு இன்று இன்னொரு பகைவன் இருக்கிறான். 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் போயிற்று. 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தெருமுனையில் நிற்கும் கடை, கூலிப் பணத்தை வீடு சேருமுன் வழிமறிக்கிறது. மதுவிலக்கின் காலத்திலும் திருப்பலி இரசத்துக்குச் சட்டம் விலக்களித்தது. பின்னர் அதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. கள்ளுக்கும் சாராயத்துக்கும் கிடைக்காத அச்சலுகை நம் கிண்ணத்துக்கு ஏன் கிடைத்தது? அது போதைக்கன்று, வழிபாட்டுக்கே என்று சமூகம் நம்மை நம்பியதால். அந்நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பலிபீடத்து இரசத்தின் தூய்மையைப் பற்றி, அது கொடியின் கனியிலிருந்து இயல்பாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வரையறுக்கிறது. இரசம் கெடாதிருக்கிறதா என்று பார்க்கும் நாம், அதைச் சூழ்ந்து நிற்கும் குடும்பங்கள் குடியால் கெடாதிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டாமா? பிரெஞ்சுத் தோட்டங்களின் ‘புனித மரபை’ வியந்து பேசும் கட்டுரைகளைக் கத்தோலிக்கர் வாசிக்கும்போது இந்த எச்சரிக்கை தேவை. துறவியின் பெயர் பொறித்த புட்டியும் புட்டிதான். குடும்பத்தை அழிக்க அதற்கும் ஆற்றல் உண்டு.

நாம் எழுத வேண்டிய வரலாறு

‘நிறுவனரின் பெயரைச் சொல்வது நன்றியறிதல் அல்லவா? அதையும் வேண்டாம் என்பதா?’ என்று ஒருவர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்பு. கடல் கடந்து வந்து இம்மண்ணில் காய்ச்சலால் மாண்ட மறைப்பணியாளர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் நன்றி உண்மையின்மேல் நிற்க வேண்டும். பொருந்தாத ஆண்டையும் பொருந்தாத கொடியையும் அவர்கள்மேல் சுமத்துவது நன்றியாகாது. அவர்கள் உண்மையில் செய்தவற்றை மறைப்பதாகவே முடியும். மேலும், ஒருவருக்குச் சொல்லும் நன்றி ஆயிரவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை விழுங்கிவிடக் கூடாது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று கற்பித்தார். அக்கற்பித்தலைக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு மட்டும் உரியதாக்கிவிடலாகாது. வரலாறு எழுதுவதற்கும் அது பொருந்தும். உரிமைப் பத்திரத்தின் வரிசைக்கு முன்பாக உழைப்பின் வரிசை வர வேண்டும். நம் பங்குகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களைப் புரட்டுங்கள். ஆயர்களின் படங்கள், பங்குக் குருக்களின் பட்டியல், கொடையாளர்களின் பெயர்கள் இருக்கும். கல்சுமந்த பெண்கள் எங்கே? மணியடித்தவர் எங்கே? கல்லறைக்குக் குழிவெட்டியவர் எங்கே? பிரெஞ்சுத் தோட்டத்தின் பெயர்ச்சீட்டை நாம் குறைகூறினால், நம் மலர்களின் பெயர்ச்சீட்டையும் மாற்றி எழுதத் துணிய வேண்டும்.

திருப்பலியில் காணிக்கை நேரத்தில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தும்போது, அது கொடியின் கனி என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. மனிதக் கைகளின் உழைப்பையும் சேர்த்தே இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறார். அந்தக் கைகளுக்கு அங்கே பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் அவை மறக்கப்படவும் இல்லை. உரிமையாளர் யார், எத்தனை நூற்றாண்டு, எந்தப் பிரபுவின் கொடை என்னும் விவரங்களுக்கு அம்மன்றாட்டில் இடமில்லை. கவாத்துக் கத்தி பிடித்த கையும், மயில்துத்தம் கலந்த கையும், பீப்பாய் சுமந்த கையும் ஒரே சொல்லுக்குள் பலிபீடத்தின்மேல் ஏறிவிடுகின்றன. உலகின் தோட்ட வரலாறுகள் அனைத்தையும்விட நேர்மையான வரலாறு அந்த ஒரு மன்றாட்டில் இருக்கிறது.

கொடியை நட்டவர் யார் என்னும் கேள்விக்குத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விடை இருக்கிறது. தாம் நட்டதையும், அப்பொல்லோ நீர் பாய்ச்சியதையும் சொல்லும் அவர், நட்டவருக்கும் பெருமையில்லை, பாய்ச்சியவருக்கும் பெருமையில்லை, விளையச்செய்த கடவுளுக்கே பெருமை என்று முடிக்கிறார். அதே மூச்சில், நடுபவரும் பாய்ச்சுபவரும் ஒன்றே என்றும், அவரவர் உழைப்புக்கேற்ற கூலி அவரவருக்கு உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார். நட்டவர் பிரான்சிலிருந்து வந்தவரோ, உத்தமபாளையத்தில் பிறந்தவரோ, அது ஆய்வாளர்களுக்கு உரிய கேள்வியாக இருக்கட்டும். பாய்ச்சியவரின் கூலி ஒழுங்காக அவர் வீடு போய்ச் சேர்ந்ததா என்பது நம் எல்லாருக்கும் உரிய கேள்வி. அடுத்தமுறை தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை வாங்கும்போதும், ஞாயிறு திருப்பலியில் கிண்ணம் உயர்த்தப்படும்போதும், அக்கேள்வி நம் உள்ளத்தில் எழுமாயின் நல்லது.